மரகதம் பாடிய பாதி

பெங்களூர் மர்பி டவுனில் மரகதத்தின் மாடி அறைக்குக் குடிவந்தவன் கானா நாட்டிலிருந்து பி.காம். படிக்க வந்த பையன். பெயர் யாவ். அவள் வாயில் அது ‘யோவ்’ என்றுதான் வந்தது. அவள் மாடியைப் பார்த்துக் கூப்பிடும்போதெல்லாம் கீழே புருஷன் தனக்கோடி திடுக்கிட்டு எழுந்து நிற்பார்.

யாவிடம் ஒரு ராப் பாட்டு இருந்தது. ஒருவருக்கொருவர் ஆகாத இரண்டு பாடகர்கள், ஒரே ஒரு தடவை சேர்ந்து, மாறி மாறிச் சண்டை போட்டுப் பாடியது. அவன் ஊரில் பஸ்ஸில் ஒருத்தன் ஒரு வரியைச் சொன்னால், முன்பின் தெரியாத இன்னொருத்தன் அடுத்த வரியைச் சொல்வானாம். காலையும் மாலையும் அதைத்தான் போடுவான்.

2004இல் கல்லூரி விழா. அதைப் பாடுவதாக யாவும் அவன் ஊர்க் கூட்டாளி ஒருவனும் பெயர் கொடுத்திருந்தார்கள். அன்று காலை கூட்டாளிக்குப் பொன்னுக்கு வீங்கி. யாவ் படிக்கட்டில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

“நீ மட்டும் பாடேன்.”

“பாதிதான் வரும் ஆன்ட்டி. எங்க ஊர்ல கேட்டா சிரிப்பாங்க.” வருத்தத்தோடு முதல் வரியை முணுமுணுத்தான். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த மரகதம், தலை நிமிராமல் அடுத்த வரியைச் சொன்னாள்.

யாவ் வாயைப் பிளந்தான்.

“ரெண்டு வருஷமா தலைக்கு மேல ஓடுது. காதை எங்க கொண்டு வெக்கிறது?”

கூட்டாளியின் பாதியை மரகதமே பாடுவதென்று முடிவானது. தனக்கோடிக்குப் பிடிக்கவில்லை. “பொம்பள மேடையேறி கானா பாடுவியா?”

“அது மெட்ராஸ் கானா. இது தேசம்.”

மேடையில் முதல் இரண்டு சுற்றும் பிசகில்லாமல் போயின. மூன்றாவதில் மரகதத்துக்கு எல்லாம் மறந்துபோனது. தாளம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே யாவின் முகத்தைப் பார்த்தாள். நாக்கு தானாகக் கிளம்பியது.

“மாடிக் குழாயத் தொறந்து வுட்டுட்டு எங்கடா போன? டேங்குல சொட்டுத் தண்ணி இல்ல, துணி ஊறிக் கெடக்குது, கார்ப்பரேஷன்காரனா நீ, காவேரி உங்கப்பன் வூட்டுதா?”

தாளத்துக்கு அப்படியே பொருந்தியது. யாவ் சளைக்காமல் தன் மொழியில் பதில் கொடுத்தான். கானா மாணவர்கள் நாற்காலிமேல் ஏறினார்கள். பின்வரிசைத் தமிழ்ப் பையன்கள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நடுவர் மைக்கை வாங்கி, ஆப்பிரிக்க உச்சரிப்பு அபாரம் என்று இரண்டாம் பரிசு அறிவித்தார்.

தனக்கோடி பக்கத்து இருக்கைக்காரரிடம் மெல்லச் சொன்னார்: “என் சம்சாரம். வூட்டுல தெனமும் இதான்.”

அந்தப் பாட்டின் பதிவு விடுதி விடுதியாகச் சுற்றியது. மறு வருஷம் அபேனா என்றொரு கானாப் பெண் வீடு தேடி வந்து, அந்த நடுப்பகுதிக்கு அர்த்தம் கேட்டாள். மரகதத்துக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

“வாழ்த்தும்மா. நல்லா இருக்கணும்னு சொல்றது.”

அதற்குப் பிறகு பெங்களூரில் கானாப் பிள்ளைகள் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும், கேக் வெட்டும்போது எல்லோரும் சேர்ந்து அந்த வாழ்த்தைத்தான் பாடினார்கள்.