அம்மாவுக்காகப் பேசியவள்

தொலைபேசியைப் பிடித்திருக்கும்போது அருந்ததி என்று ஒருத்தி கிடையாது. யாரும் இதைச் சொல்லிவைத்ததில்லை. ஆனாலும் வீட்டிலும், மாத்தளைக் கடைத்தெருவில் பலீல் நானாவின் தொலைபேசிக் கடையிலும் எல்லோரும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள். காது கேளாத, வாய் பேசாத அம்மா ஞானாம்பிகையின் கைகள் சொல்வதை அவள் குரலாக்குவாள். வவுனியாவில் மேசன் வேலை பார்க்கும் அப்பா அழகையா சொல்வதைக் கைகளாக்குவாள். கூட்டவோ குறைக்கவோ மாட்டாள். அப்பாவும் அவளை "ஞானம்" என்றே அழைப்பார். சிறுமியாக இருந்தபோது, "ஏங்க, குடிச்சிட்டா பேசுறீங்க?" என்று அவள் அம்மாவுக்காக அதட்டியதில் கடையே சிரித்தது.

இன்று யாரும் சிரிக்கவில்லை. அப்பா கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து வவுனியா ஆஸ்பத்திரியில் கிடந்தார். யுத்தத்தால் வவுனியாவுக்கான பாதை மதவாச்சி இராணுவச் சோதனைச் சாவடியோடு மூடப்பட்டிருந்தது. தாயும் மகளும் ஏறிய பஸ்ஸைத் தம்புள்ளையிலேயே திருப்பிவிட்டார்கள்.

பலீல் ரேடியோவை நிறுத்தினார். "பேசுங்க மகள். காசப் பத்தி யோசிக்காதீங்க."

அருந்ததி ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். மறுமுனையில் அப்பாவோடு வேலை செய்யும் இராசலிங்கம் பேசினார்: "தங்கச்சி, போனை அவற்ற காதில வைக்கிறன். கதையுங்கோ."

அம்மாவின் கைகள் எழுந்தன.

"ஏங்க, பயப்படாதீங்க. பாதை தொறந்ததும் வந்துர்றேன்" என்றாள் அருந்ததி.

"வராத, ஞானம்." அப்பாவுக்கு மூச்சு இழுத்தது. "கேள்வி கேப்பானுங்க. ஒன்னால பதில் சொல்ல ஏலாது. புடிச்சி வச்சிருவானுங்க."

அம்மா வேகமாகத் தலையசைத்து மறுத்தாள்.

"பதில் சொல்ல மக வருவா" என்றாள் அருந்ததி.

"பிள்ள எப்பிடி இருக்கா?"

அந்தக் கேள்வியையும் அவள் கைகளால் அம்மாவிடம் கேட்டாள். அம்மா மகளின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பதில் சொன்னாள்.

"நல்லா இருக்கா. சாப்பிட்டா. அழல்ல."

அருந்ததியின் கன்னம் நனைந்திருந்தது. குரலில் அது தெரியாமல் பார்த்துக்கொண்டாள். அது அம்மாவின் குரல்.

"அவகிட்ட சொல்லு..." என்றார் அப்பா.

அதுவரை வந்ததைச் சைகையில் சொல்லிவிட்டு, மீதிக்காகக் கைகளை உயர்த்தியபடியே இருந்தாள். மீதி வரவில்லை. நெடுநேரத்துக்குப் பிறகு இராசலிங்கத்தின் குரல்தான் வந்தது.

"தங்கச்சி... அண்ணை போயிட்டார்."

அம்மா புருவத்தை உயர்த்தினாள். என்ன சொல்கிறார்?

அருந்ததியின் கைகள் மெல்லத் தாழ்ந்தன. ரிசீவரைத் தோளிலிருந்து எடுத்து, இரு கைகளாலும் பற்றிக்கொண்டாள்.

"அவரு காதுல இருந்து போன எடுத்துராதீங்க அண்ணே" என்றாள். பலீல் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பா, நான் அருந்ததி. நான் சாப்பிடல்லப்பா. நான் நல்லா இல்ல."

ஞானாம்பிகை குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். அவை மடியில் அசையாமல் கிடந்தன. மகளின் வாய் அசைந்துகொண்டே இருந்தது.