சைரன் வாயடைத்த மத்தியானம்

லூசியானாவின் அந்தச் சின்னக் கல்லூரியில் கால்பந்து என்றால் காலால் உதைப்பது எப்போதாவதுதான். மற்ற நேரமெல்லாம் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், இல்லாவிட்டால் தூக்கி எறிவார்கள். ரோஸ்கோ பாட்டிஸ்டுக்கு இந்த இரண்டுமே இல்லை. நாலு வருஷமாக அவன் பந்தைத் தொட்டதே கிடையாது. முன்வரிசையில் குனிந்து, ஒரு கையைப் புல்லில் ஊன்றி, எதிரே நிற்பவன் உள்ளே புகாதபடி மறிப்பதுதான் அவன் வேலை. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் யாரும் கைதட்ட மாட்டார்கள். ஒரு தடவை சறுக்கினால் மைதானமே அவன் பெயரைச் சொல்லித் திட்டும்.

அந்தச் சனிக்கிழமை அவனுக்குக் கைதட்டல் வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒருவர் பார்த்தால் போதும். தொழில்முறை அணி ஒன்றிலிருந்து ஆள் எடுக்க வந்திருந்த ப்ரூயிட் என்ற கிழவர், வாயில் பல்குச்சியோடு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் வந்தது ரோஸ்கோவுக்காக அல்ல, அவனுக்கு நேர் எதிரே நிற்கப்போகும் டார்னெலுக்காக. அந்தப் பையனுக்கு ஊரே சைரன் என்று பெயர் வைத்திருந்தது. உடம்பு மலை மாதிரி, வாய் அதைவிடப் பெரிசு. ரோஸ்கோவின் கணக்கு எளிமையானது. கிழவர் சைரனைப் பார்ப்பார். சைரன் நகர முடியாமல் நின்றால், அவனை நிறுத்தியது யார் என்றும் பார்த்துத்தானே ஆகவேண்டும்? இது கடைசி வருஷம். இந்தப் பக்கம் இன்னொரு தேர்வாளர் வருவார் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கணக்கு நாறிப்போனது.

"ஓடப் போறானுங்கடா! நடுவுல வாங்க!" என்று சைரன் கத்தினான். ஓட்டம்தான் வந்தது. நடுவில் நாலு பேர் காத்திருந்தார்கள்.

"இப்ப எறியப் போறானுங்க! பின்னால போங்க!" எறிதல்தான் வந்தது. பந்து பிடிக்க ஆளில்லாத இடத்தில் விழுந்தது.

குனியும் ஒவ்வொரு முறையும் ரோஸ்கோவுக்கு அர்ச்சனை வேறு. "என்னடா குண்டா, உங்க அம்மா காலைல கம்போ சூப்பு ஊத்தலையா? தள்ளவே மாட்டேங்கிறியே! அந்தத் தாத்தாவுக்குக் கை காட்டுடா, பாவம், நீ ஆடுறியா தூங்குறியான்னு அவருக்கே சந்தேகம்."

இடைவேளையில் பயிற்சியாளர் ஆர்செனோ தொப்பியைத் தரையில் அடித்தார். "எவன்டா நம்ம ரகசியச் சைகையை அவனுங்களுக்கு வித்தவன்?"

பந்து எறியும் குவின்சி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். "என் மேல சத்தியமா நான் இல்ல கோச். நேத்து ராத்திரி எட்டு மணிக்கே படுத்துட்டேன்."

"நீ எட்டு மணிக்குப் படுத்தியா? அப்போ நீதான்டா திருடன்!"

எல்லாச் சைகைகளையும் மாற்றினார்கள். வெளியே வாத்தியக் குழு புழுதி பறக்க ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் பாதிப் பேர் அதைப் பார்க்கத்தான் வருவார்கள், ஆட்டம் திரும்பத் தொடங்கியதும் பொரித்த மீன் வாங்கப் போய்விடுவார்கள். ப்ரூயிட் மட்டும் எழுந்திருக்கவில்லை.

புதுச் சைகையில் முதல் ஆட்டம். "ஓடப் போறானுங்க!" என்றான் சைரன். ஓட்டம்தான்.

அப்போ சைகை இல்லை. வேறு என்ன? ரோஸ்கோ முதல்முறையாக அவன் பேச்சை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தான். வாய் ரோஸ்கோவின் அம்மாவைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. கண் கீழே, புல்லில் இருந்தது. அங்கே என்ன இருக்கிறது? ரோஸ்கோவின் கையைத் தவிர வேறொன்றும் இல்லை.

அடுத்த முறை விரல்களை மடக்கி, முஷ்டியாக ஊன்றிப் பார்த்தான்.

சைரன் பேசவில்லை. பள்ளிக்கூடத்திலும் கோவிலிலும் பல் டாக்டரிடமும்கூட மூடாத அந்த வாய், மூடிக்கொண்டது. பக்கத்தில் நின்றவன் திகைத்து, "டேய், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேவிட்டான்.

ரோஸ்கோ தன் கையைத் தானே குனிந்து பார்த்தான். ஓட்டத்துக்கு முன்னால் பாய்ந்து தள்ளவேண்டும், அதனால் பாரமெல்லாம் கையில் இறங்கும், நகமெல்லாம் சுண்ணாம்பு தடவியதுபோல வெளுக்கும். எறியும்போது பின்வாங்கி மறிக்கவேண்டும், கை சும்மா புல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும். நாலு வருஷமாக எதிராளிக்கு அவனே தந்தி அடித்துக்கொண்டிருந்திருக்கிறான்! பாவம், குவின்சி எட்டு மணிக்கே படுத்திருக்கிறான்.

வெட்கப்பட நேரமில்லை. அடுத்தது ஓட்டம். ரோஸ்கோ பிட்டத்தைப் பின்னால் சாய்த்து, பூவைத் தொடுவதுபோல விரலை வைத்தான்.

"எறியப் போறானுங்க!" சைரன் சுற்றிக்கொண்டு பறந்தான். போகிற போக்கில் ரோஸ்கோ அவனுக்கு ஒரு தள்ளு கொடுத்து வழியனுப்பிவைத்தான். பந்தோடு ஓடியவன் அந்தக் காலி இடத்தில் கல்யாண ஊர்வலம் போல நடந்தே போயிருக்கலாம்.

அடுத்தது எறிதல். ரோஸ்கோ விரல் வெளுக்க வெளுக்க அழுத்தினான், முக்கல் சத்தம்கூடப் போட்டான்.

"ஓடப் போறானுங்க, நடுவுல வாங்கடா!" எல்லாரும் நடுவில் வந்தார்கள். பந்து அவர்கள் தலைக்கு மேலே பறந்தது.

"வாயை மூடுடா சைரா!" என்றது அவனுடைய அணியே.

"மாத்திட்டியாடா திருட்டுப் பயலே?" என்று சைரன் பல்லைக் கடித்தான். "இனிமே நீ காட்டுறதுக்கு நேர் எதிராத்தான் சொல்வேன்."

"சரிப்பா," என்றான் ரோஸ்கோ. அதற்கப்புறம் உள்ளதை உள்ளபடியே காட்டினான். அதுவும் சைரனைக் கவிழ்த்தது.

அவ்வளவு செய்தும் முதல் பாதியில் வாங்கிய அடி ஆறவில்லை. மூன்று புள்ளியில் தோற்றார்கள். ரோஸ்கோ புள்ளிப் பலகையைப் பார்க்கவே இல்லை. ப்ரூயிட் படியிறங்கி மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தார்.

கைகுலுக்க வந்த சைரன் அவன் காதில் கிசுகிசுத்தான். "டேய், விரல் சமாச்சாரம் அவருக்குத் தெரிஞ்சா உன் கதை முடிஞ்சுது. பாதி ஆட்டம் நீ என்னை ஏமாத்துனது தெரிஞ்சா என் கதை முடிஞ்சுது. நான் உன்னைப் புகழுறேன், நீ என்னைப் புகழு. சரியா மச்சான்?"

"சரி மச்சான்."

ப்ரூயிட் பல்குச்சியை இடமிருந்து வலம் தள்ளினார். "டார்னெல், முதல் பாதியில ஒண்ணு விடாம சொன்னியே. எப்படிப்பா?"

"மூளைதான் சார். ரோஸ்கோ மாதிரி கெட்டிக்காரன் எதிர்ல நின்னா நமக்கும் தானா வேலை செய்யுது."

"இல்ல சார், டார்னெல் பிறவியிலேயே அப்படி," என்றான் ரோஸ்கோ. "சாமி வரம்."

"அப்போ ரெண்டாம் பாதியில சாமி எங்க போச்சு?"

சைரன் வாயைத் திறந்தான். அவனையறியாமல் கண் கீழே இறங்கி, ரோஸ்கோவின் வலது கையில் போய் நின்றது.

"ஓ, கையா?" என்றார் ப்ரூயிட்.

இருவரும் செத்தார்கள்.

"சார், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று ரோஸ்கோ ஈனசுரத்தில் கேட்டான்.

"நான் எங்கப்பா பார்த்தேன்? மூணாம் வரிசையில இருந்து எனக்கு மைதானமே மங்கல். இப்போ இவன்தான் காட்டிக் கொடுத்தான்." அவர் சைரனின் தோளில் தட்டினார். "உன்னைப் பத்தி அப்புறம் பேசுறேன்." பிறகு ரோஸ்கோவைத் தலையிலிருந்து கால்வரை, மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நீ எப்பக் கண்டுபிடிச்சே?"

"இவன் பேச்சை நிறுத்தினப்போ சார்."

கிழவரின் பல்குச்சி அசையாமல் நின்றது.

"யாரும் சொல்லித் தரலையா?"

"இல்ல சார். கோச் இன்னும் குவின்சியைத்தான் சந்தேகப்பட்டுக்கிட்டிருக்கார்."

"வியாழக்கிழமை உங்க பயிற்சியைப் பார்க்க வரேன். உன்னைத்தான். வேலிக்கு எந்தப் பக்கம் நிப்பேன்னு சொல்ல மாட்டேன். உங்க கோச்சுக்கும் சொல்லாதே, ஊரையே கூட்டிடுவார்."

"சரி சார்," என்றான் ரோஸ்கோ. முகத்தைக் கருங்கல்லாக வைத்துக்கொண்டான். தொழில்முறை ஆட்டக்காரர்கள் அப்படித்தான் நிற்பார்கள் என்று அவனுக்கு நினைப்பு.

"சிரிச்சிடுப்பா," என்றார் ப்ரூயிட். "வெடிச்சிடப் போறே."