கோமதி திரும்பி வரவில்லை

மூடியைத் திறந்ததும் புளித்த காடி வாடை முகத்தில் அறைகிறது, கண் எரிகிறது, தகர டப்பாவுக்குள் என் படத்தின் கடைசி ரீல் சுற்றோடு சுற்று ஒட்டி, ஓரமெல்லாம் வெள்ளை பூத்து, உருகி இறுகிய வெல்லக்கட்டிபோல் கிடக்கிறது, நகத்தால் ஒரு சுற்றைப் பிரிக்கப் பார்க்கிறேன், பிரியாமல் நொறுங்குகிறது, விரலில் ஒட்டிய துணுக்கை ஜன்னல் வெயிலில் பிடித்துப் பார்த்தால் வெறும் பழுப்பு, ஆனால் எனக்குத் தெரியும், இந்தப் பழுப்புக்குள்தான் கோமதி இருக்கிறாள், ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் மகள், புருஷன் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போகிறாள், திரும்பிப் பார்க்கவில்லை, அவளைத் திரும்பிப் பார்க்க வைக்கச் சொல்லி என்னிடம் எத்தனை பேர் வந்தார்கள், நான் விடவில்லை, எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, இப்போது எழுபத்தாறு, இப்போதும் விடுவதாக இல்லை.

படத்தின் பெயர் நடுக்கூடத்து விளக்கு, கதை வசனம் தயாரிப்பு மூன்றும் நான், அதற்கு முன்னால் பல வருஷம் கோடம்பாக்கத்தில் ஒரு கதை இலாகாவில் வசனத்தைப் படியெடுக்கும் வேலை, படியெடுக்கும்போதே திருத்துவேன், ஒரு நாள் நான் சேர்த்த நாலு வரிக்கு செட்டே கைதட்டியது, வசனம் என்று தன் பெயரைப் போட்டுக்கொள்கிறவர் கூட்டத்துக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார், அன்றைக்கே வேலையை விட்டேன், இனி என் பெயருக்கு நான்தான் முதலாளி, அப்புறம் இரண்டு படங்கள், இரண்டும் குடும்பப் படங்கள், மாமியாரும் மருமகளும் சமையலறையில் பேசிக்கொள்வதை அப்படியே எழுதினேன், மேட்னி ஷோவுக்குப் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள், நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, குடும்பமே இல்லாதவள் குடும்பப் படம் எடுக்கிறாள் என்று ஒரு வாரப் பத்திரிகை எழுதியது, அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஆபீஸ் சுவரில் ஒட்டினேன், என்னைப் பார்க்க வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் எதிரில் உட்கார வேண்டும், மூன்றாவது படம்தான் இது, சாலிகிராமத்தில் ஒரு வீட்டு வாசல், ரிஃப்ளெக்டர் வெயிலைத் திருப்பி அடிக்கிறது, கோமதியாக நடிக்கும் இந்திராணி கேட்டில் கை வைத்து நிற்கிறாள், டைரக்டர் பரஞ்சோதி என் காதருகே குனிந்து, அம்மணி, ஒரே ஒரு தடவை திரும்பிப் பாக்கட்டுமே என்கிறார், படத்தை வாங்கி ஜில்லா ஜில்லாவாக வெளியிடப் போகும் நாகலிங்கம் நாற்காலியில் சாய்ந்தபடியே, பாத்தா மட்டும் போதாது, திரும்பி வந்து புருஷன் கால்ல விழணும், இல்லேன்னா குடும்பப் பொம்பளைங்க ஏத்துக்க மாட்டாங்க என்கிறார், நானும் பொம்பளைதாங்க, நான் ஏத்துக்கிட்டேன் என்றேன், நீங்க குடும்பப் பொம்பளையா என்று கேட்டுவிட்டுச் சிரித்தார், யூனிட் முழுக்கத் தரையைப் பார்த்தது, என் காது மடல் சுட்டது, இதை நினைக்கிற இந்த நிமிஷமும் சுடுகிறது, இந்திராணியைப் பார்த்துக் கத்தினேன், திரும்பாம போம்மா, ரோட்டு முனை வரைக்கும் போ, அவள் போனாள், ஒரே டேக், கேமரா நின்ற பிறகும் போய்க்கொண்டே இருந்தாள், ஆள் விட்டுத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

சென்னையில் படம் பன்னிரண்டு வாரம் ஓடியது, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், பதினெட்டு வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன், அதற்குள் படம் எடுப்பதை நிறுத்திவிட்டுப் பொருள் சேர்க்கத் தொடங்கியிருந்தேன், கம்பெனிகள் மூடும்போது குப்பையில் கொட்டியதையெல்லாம் வடபழனி வீட்டுக்குக் கொண்டுவந்தேன், பாட்டுப் புத்தகங்கள், இடைவேளை என்று எழுதிய கண்ணாடி ஸ்லைடுகள், அம்மா வேஷக்காரிகளின் நரைத்த விக்குகள், வியர்வைக் கறை போகாத ரவிக்கைகள், மியூசியம் வைக்கப் போறீங்களா என்று கேட்பார்கள், இல்லை, சாட்சி வச்சிருக்கேன் என்பேன், எதற்குச் சாட்சி என்று எனக்கே தெரியாது, குடியாத்தத்தில் தெரிந்தது, ஒரு தியேட்டரை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன், படிக்கட்டுக்கு அடியில் என் படத்தின் டப்பா, மேலே ஒட்டிய காகிதத்தில் புது முடிவு என்று எழுதியிருந்தது, எனக்கு ஒரே முடிவுதானே, ஃபிலிமை இழுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தேன், சின்னச் சின்னக் கட்டங்களில் ஒரு பெண் கேட்டைத் திறந்து உள்ளே வருகிறாள், குனிகிறாள், புருஷன் காலில் விழுகிறாள், முதுகு மட்டும்தான் தெரிகிறது, அது இந்திராணியின் முதுகு இல்லை, கோமதியின் சேலை என் பீரோவில் இருக்கிறது, அரக்குக் கரை, இவள் கட்டியிருப்பது பச்சைக் கரை, யாரோ ஒரு பெண்ணை நிற்கவைத்துக் கோமதியை விழவைத்திருக்கிறார்கள், வெளியூர்ப் பிரிண்டுகள் அத்தனையும் இப்படித்தான் போயிருக்கின்றன, தமிழ்நாடு முழுக்க என் கோமதி பதினெட்டு வருஷமாகக் காலில் விழுந்து கிடந்திருக்கிறாள், நேராகப் பரஞ்சோதி வீட்டுக்குப் போனேன், நோயாளி, ஈஸிசேரில் கிடந்தார், எப்ப எடுத்தீங்க என்றேன், உங்கப்பாவ ஆஸ்பத்திரில சேத்திருந்தீங்களே அப்ப, நாகலிங்கம் பிடிவாதமா நின்னாரு என்றார், என்கிட்ட ஏன் கேக்கல, கேட்டா ஒத்துக்க மாட்டீங்க அம்மணி, அதான் கேக்கல என்றார், அழுதார் என்றுதான் நினைக்கிறேன், நான் கண்ணைத் துடைத்துவிடவில்லை, என் முடிவு இருக்கிற ரீலைத் தேடிக் கிளம்பிவிட்டேன், எத்தனை ஊர், எத்தனை குடோன், கடைசியில் பொள்ளாச்சியில், சென்னையில் ஓடிய பிரிண்டின் ஒரே ஒரு டப்பா, மடியில் வைத்து ரயிலில் கொண்டுவந்தேன், வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தேன், அன்றைக்கே இதே காடி வாடை.

போன மாதம் அருண்பிரசாத் என்று ஒரு கம்பெனிக்காரன் போன் செய்தான், மேடம், உங்க படத்த டிஜிட்டல் பண்ணிட்டோம், ஞாயித்துக்கிழமை காலை ஷோ, நீங்கதான் சிறப்பு விருந்தினர், எந்த முடிவுப்பா என்றேன், அவனுக்குத் தெரியவில்லை, இரண்டு முடிவு இருப்பதைச் சொன்னேன், யாரையோ கேட்டுவிட்டு வந்து, கெடச்ச பிரிண்ட்ல அவங்க திரும்பி வர்றதுதான் மேடம் இருக்கு, ஃபேமிலி ஆடியன்ஸுக்கு அதுதான் பிடிக்குது, நாகலிங்கம்கிட்டேருந்து வாங்கின உரிமையும் எங்ககிட்டதான் இருக்கு என்றான், அந்தக் கடைசி நாலு நிமிஷத்த வெட்டிடு என்றேன், முடியாது மேடம் என்றான், அப்ப நான் வரேன் என்றேன், வராதீர்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை போனேன், மாலுக்குள் இருக்கிற தியேட்டர், சால்வை போர்த்தினார்கள், முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள், இந்திராணி அத்தனை பெரிய முகத்தோடு என் வசனத்தைப் பேசினாள், பின்னால் பெண்கள் சிரித்தார்கள், மூக்கை உறிஞ்சினார்கள், கேட் வந்தது, கோமதி வெளியே போனாள், பச்சைக் கரை உள்ளே வந்தது, விழுந்தது, சுபம், விளக்கு எரிந்தது, முழங்கால் வலியோடு எழுந்து திரைக்கு முன்னால் போய் நின்றேன், மைக் கேட்கவில்லை, என் தொண்டை போதும், உக்காருங்க எல்லாரும், இது நான் எழுதினது இல்ல, கடைசில வந்து விழுந்தவ கோமதியும் இல்ல, என் கோமதி திரும்பி வரலை என்றேன், அருண்பிரசாத் ஓடி வந்து, மேடம், அடுத்த ஷோவுக்கு ஹால் குடுக்கணும் என்றான், குடு, நான் முடிச்சிட்டுக் குடுக்கறேன் என்றேன், கோடு போட்ட சட்டைக்காரர் ஒருவர் எழுந்து, படம் முடிஞ்சிருச்சும்மா, வீட்டுக்குப் போங்க என்றார், உங்க படம் முடிஞ்சது சார், நான் எடுத்த படம் இன்னும் முடியலை என்றேன், சொன்னேன், பெட்டியை, மகளின் விரலை, கேட்டின் கிறீச்சை, ரோட்டு முனை வரைக்கும் போன ஒற்றை முதுகை, ஒவ்வொன்றாகச் சொன்னேன், என் குரல் உடைந்தது, உடைந்த குரலிலேயே சொன்னேன், வாசல் வரைக்கும் போனவர்கள் நின்றார்கள், அழுகிறார்களா, சிரிக்கிறார்களா, எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, மூன்றாவது வரிசையில் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டிருந்த ஒரு பெண் கேட்டாள், சரிம்மா, போனாங்கல்ல, அப்புறம் எங்க போனாங்க.

நாற்பத்து நான்கு வருஷமாக ஏன் போனாள் என்று கேட்டார்கள், எப்போது திரும்பி வருவாள் என்று கேட்டார்கள், எங்கே போனாள் என்று ஒருவரும் கேட்டதில்லை, நானே கேட்டுக்கொண்டதில்லை, அவளை வெளியே அனுப்புவதற்கே என் பலமெல்லாம் செலவாகிவிட்டது, ரோட்டு முனையோடு என் பேனா நின்றுவிட்டது, இப்போது அந்த முனையில் அவள் மகளோடு நிற்கிறாள், எனக்கு நன்றாகத் தெரிகிறது, மொதல்ல பஸ் ஸ்டாண்டுக்குப் போனா, பொண்ணுக்குப் பசி, ரெண்டு இட்லி வாங்கிக் குடுத்தா, அப்புறம் பஸ்ஸுங்க நெத்தியில எழுதியிருந்த ஊர்ப் பேரெல்லாம் ஒண்ணொண்ணா படிச்சிக்கிட்டே நடந்தா என்றேன், எழுந்து நின்றவர்களில் சிலர் மறுபடி உட்கார்ந்தார்கள், எந்த ஊருக்கு ஏறினாங்க என்று அந்தப் பெண் கேட்டாள், இரும்மா, சொல்றேன் என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சால்வையில் துடைத்தேன், அருண்பிரசாத் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு எங்கிருந்தோ ஒரு நாற்காலி கொண்டுவந்து எனக்குப் போட்டான்.