கரியறைக் கம்பி

கம்பியைக் கரிக்குள் செருகுவது எளிது. செருகிவிட்டுக் காத்திருப்பதுதான் யாக்கூபுக்கு வராது.

பத்தடி நீள இரும்புக் கம்பி அது. முழுசாக உள்ளே போக வேண்டும். பிறகு கால் மணி நேரம் தொடக்கூடாது. கரியின் சூடு இரும்பில் ஏற அவ்வளவு நேரம் ஆகும். உருவியதும் நுனியிலிருந்து பிடிவரை உள்ளங்கையால் தடவினால், எந்த ஆழத்தில் சூடு இருக்கிறது என்று தெரிந்துவிடும். யாக்கூபோ பாதிக் கம்பியைச் செருகி, நாலு மூச்சு விட்டு, உருவிவிடுவான்.

"சூடு இல்ல, மச்சான்."

"ஏலே, மீனு வெந்துட்டுதான்னு குத்திப் பாக்கியா? நீட்டிச் செருகு" என்பான் ரஹீம்.

ரஹீமின் தங்கை கதீஜா உம்மாளின் கணவன்தான் யாக்கூப். கல்யாணம் முடிந்து ஏழாம் மாதம், தேங்காப்பட்டணத்திலிருந்து அவனைப் பம்பாய் வழியாகச் சீமைக்குக் கூட்டிப்போய், 'மெரிடோனா' கப்பலில் தனக்குத் துணையாகக் கரி தள்ளும் வேலைக்குச் சேர்த்துவிட்டவன் ரஹீம். புறப்படும்போது தங்கை ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "காக்கா, கூட்டிட்டுப் போறது நீங்க. கூட்டிட்டு வாறதும் நீங்கதான்."

உலகத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய வெள்ளைக்காரர்களின் கப்பல் அது. லிஸ்பன், ரியோ, கேப்டவுன், டர்பன், சான்சிபார் எல்லாம் பார்த்தாயிற்று. மேல்தளத்தில் பியானோ. கப்பலின் அடிவயிற்றில் உலைகள். உலைகளுக்கு இரண்டு பக்கமும், கப்பலின் விலாவை ஒட்டி, மூன்று ஆள் உயரத்துக்குக் கரியறைகள். தளத்தில் இருக்கும் மூடியைத் திறந்து கரியைக் கொட்டுவார்கள். அடியில் இருக்கும் கதவு வழியாக அள்ளுவார்கள். அள்ள அள்ள மேலே இருப்பது சரிந்து வரும். சரியாமல் நிற்பதை உள்ளே போய்த் தள்ளிவிட ஆள் வேண்டும். இடதும் வலதும் சமமாகக் குறையவும் வேண்டும், இல்லையென்றால் கப்பல் ஒருபக்கம் சாயும். மேலே ஒருவருடைய தேநீர்க் கோப்பை நழுவாமல் இருக்கிறது என்றால், கீழே ரஹீமும் யாக்கூபும் கணக்காகத் தள்ளியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

டர்பனில் கரி ஏற்றிய இரண்டு நாளும் மழை. பம்பாய் வரும்போதே வலப்பக்க அறையில் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. ரஹீம் கம்பியைச் செருகி உருவினான். ஆறடி ஆழத்தில் கை வைக்க முடியவில்லை.

தீ என்றால் கொழுந்து இல்லை. குவியலுக்கு நடுவில், நனைந்த கரி தானாகவே சூடேறி, சத்தமில்லாமல் கனன்றுகொண்டிருந்தது.

குளச்சல்காரர் பீர்க்கண்ணு சாரங்கிடம் ஓடிப்போய்ச் சொன்னான். கரிவேலைக்காரர்களுக்கெல்லாம் அவர்தான் மேலாள்.

"எஞ்சினீயருக்குத் தெரியும். அந்த அறைக் கரியைத்தான் முதல்ல எரிச்சுத் தீக்கணுமாம். மேல்மூடியைத் தொறக்காண்டாம். பயணிக்காரங்க காதுல விழாண்டாம்" என்றார் சாரங்கு.

"பம்பாயிலயே எறக்கிரலாமே, சாரங்கு காக்கா?"

"எறக்க மூணு நாளாவும். இன்னும் ஒம்பது தொறைமுகம் பாக்கணும் அவங்களுக்கு."

மூடி வைப்பதா? ரஹீமுக்குச் சிரிப்பு வந்தது. சூடேறிய குவியலை இவர்களுக்கு எங்கே தெரியும்? அவன் வாப்பா தேங்காப்பட்டணத்தில் கொப்பரை சேர்த்து வைக்கும் கிட்டங்கி வைத்திருந்தவர். சரியாகக் காயாத கொப்பரையைக் குவித்தால் நடுவில் பூசணம் பிடித்துச் சூடேறும், விட்டால் கருகும். அங்கேயும் கம்பியைச் செருகித்தான் பார்ப்பார்கள். சூடு தெரிந்த உடனே கிட்டங்கியின் எல்லாக் கதவையும் திறந்து, குவியலைக் கலைத்துக் கடல்காற்றை உள்ளே விடுவார்கள். ஒரு மணி நேரத்தில் கொப்பரை குளிர்ந்துவிடும். எட்டு வயதிலிருந்து ரஹீமின் கைக்குத் தெரிந்த வித்தை அது.

பம்பாய் விட்டு இரண்டாம் நாள், கரியறைக்குள்ளிருந்து வந்த யாக்கூப் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கன்னம் சிவந்திருந்தது. "உள்ள நின்னா ஒறக்கம் ஒறக்கமா வருது, மச்சான்."

"காத்து இல்லாத கொறைதான். நாளைக்கி சரியாக்கித் தாறேன்" என்றான் ரஹீம்.

மறுநாள் பொழுது விடிந்தபோது கப்பல் தென்கோடியைச் சுற்றிப் போகக் கரையை நெருங்கியிருந்தது. தூரத்தில் மலைகள், அதற்கு முன்னால் தென்னைகளின் கறுப்புக் கோடு. அங்கே எங்கேயோ கதீஜா உம்மாள் எழுந்திருப்பாள். இந்த வெள்ளிக்கிழமை கப்பல் கடந்து போகும் என்று காகிதம் போட்டிருந்தார்கள். பயணிகள் இன்னும் எழவில்லை. ரஹீம் கரியறையின் மேல்மூடியைத் திறந்தான். பக்கத்திலிருந்த காற்றுக்குழலின் வாயைக் காற்று வரும் திசைக்குத் திருப்பினான். குப்பென்று குளிர்ந்த காற்று உள்ளே இறங்கியது.

ஒரு மணி நேரம் கழித்துக் கம்பியைச் செருகிப் பார்த்தான். மேலே நாலடிக்கு இரும்பு குளுகுளுவென்று இருந்தது. கிட்டங்கியில் வாப்பா சிரிப்பது போலவே சிரித்தான். அதற்குக் கீழே செருகிப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

"சூடு விட்டாச்சு, மாப்ள. எறங்கு."

"நீங்க சொன்னா எனக்கு என்ன பயம்?" என்று மண்வெட்டியோடு கீழே இறங்கி, அடிக்கதவைத் திறந்து உள்ளே போனான் யாக்கூப்.

கொப்பரையின் சூடு பூசணத்தால் வருவது; ஈரம் உலர்ந்தால் அடங்கும். கரியின் சூடு காற்றைத் தின்று வளர்வது. காற்று பட்டு மேல்கரி குளிர்ந்ததென்னவோ உண்மைதான். அதே காற்று இடுக்குகள் வழியாக நடுவே கனன்ற இடத்துக்கு ஒரு மணி நேரமாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது அடிக்கதவும் திறந்தாயிற்று. கீழே ஒரு வாசல், மேலே ஒரு வாசல். அந்த அறை புகைபோக்கியாகிவிட்டது.

முதலில் ஒரு உறுமல். அப்புறம் மூடிவாயிலிருந்து மஞ்சள் புகை.

"யாக்கூபே!"

இறங்கி ஓடவே கால் துடித்தது. ஆனால் புகை மேல்நோக்கிப் பாய்ந்த வேகத்தைப் பார்த்த கணத்தில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது: இழுப்பை நிறுத்தாமல் இறங்கினால் இரண்டு பேரும் மிஞ்சமாட்டார்கள். இரும்பு மூடியை வெறும் கையால் பிடித்து இழுத்தான். தோல் மூடியோடு ஒட்டியது. மூடி விழுந்தது. உறுமல் தணிந்தது. ஏணியில் முழங்கையால் தொங்கித் தொங்கி இறங்கினான்.

சாரங்கு அதற்குள் யாக்கூபைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்டு அடிக்கதவைச் சாத்தியிருந்தார். "மூச்சு இருக்கு. யாருலே மூடியைத் தொறந்தது?" என்றவர், ரஹீமின் கைகளைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டைக் கிழித்துச் சுற்றத் தொடங்கினார்.

மேல்தளத்தில் பயணிகள் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பியானோ தொடங்கியிருந்தது.

கொழும்பில் கப்பல் டாக்டர் இரண்டு பேரையும் நிறுத்திப் பார்த்தார். யாக்கூப் ஒரு நாள் வாந்தி எடுத்துத் தெளிந்திருந்தான், நின்றான், நடந்தான். ரஹீமின் கைகள் இரண்டும் துணிப் பொட்டலங்களாக இருந்தன. வேலை செய்ய முடியாதவனை இறக்கிவிட வேண்டும், முடிந்தவன் ஒப்பந்தம் தீரும்வரை இருக்க வேண்டும். அதுதான் சட்டம்.

"சாரங்கு காக்கா, என்னை வச்சுக்கிடுங்க. அவனை எறக்குங்க. தங்கச்சிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"ஒனக்க கையை வச்சு நான் என்ன செய்ய, மக்கா?"

"அந்த அறையைக் காலி பண்ணுவாங்களா?"

சாரங்கு கடலைப் பார்த்தார். "மூடியாச்சு. போற வழியில எரிச்சுத் தீத்துருவோம்னு சொல்லுதாரு எஞ்சினீயர்."

"கம்பி யாரு பாப்பாங்க?"

"யாக்கூபுதான். வேற யாருக்கு அது தெரியும்?"

அன்று சாயங்காலம் மெரிடோனா பினாங்குக்குக் கிளம்பியது. ரஹீம் துறைமுகக் கல்மேடையில் நின்றான். தூத்துக்குடித் தோணிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது, அதற்கப்புறம் தேங்காப்பட்டணம், அதற்கப்புறம் வாசலில் நிற்கும் கதீஜா உம்மாள்.

கப்பலின் பின்பக்கக் கைப்பிடிச்சட்டத்தின் ஓரத்தில் யாக்கூப் வந்து நின்றான். கையில் அந்தக் கம்பி. அதைத் தூக்கிக் காட்டினான்.

"எவ்வளவு ஆழம் செருகினே?" என்று கத்தினான் ரஹீம். "ஏலே, எவ்வளவு நேரம் வச்சே?"

சங்கு ஊதியது. யாக்கூப் சிரித்தான். உள்ளங்கையை விரித்து, சூடு இல்லை என்று இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினான்.