நாற்பத்தேழாவது படியில் வெயிலில்லாத வெதுவெதுப்பு

பள்ளத்துத் தெருவின் வானிலைக் கூண்டு என் பொறுப்பு. மேட்டுத் தெருவின் கூண்டு என் நாத்தனார் பொறுப்பு. நடுவே தொண்ணூறு படிகள். தினமும் காலை ஆறு மணிக்கு அவரவர் வெப்பமானியைப் பார்த்து எண்ணை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

எண்கள் ஒத்துப்போகாவிட்டால் ஒருவர் வேலை போகும் என்று போன மாதமே ஓர் எச்சரிக்கை வந்தது. இப்போது கடைசிக் கடிதம்: 'கூப்பிடு தூரத்தில் இரண்டு டிகிரி வித்தியாசமா? ஒருவர் தவறாகப் படிக்கிறீர்கள். அவரை நீக்குவோம். வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வருவார்.'

தவறு அவளுடையதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூக்குக்கண்ணாடி போட வெட்கப்படும் மகராசி அவள். ஆய்வாளருக்கு முன் நானே கையும் களவுமாகப் பிடித்துத் திருத்த, வியாழன் விடியலில் வெப்பமானியோடு படியேறினேன். பாதி வழியில் அவளே எதிரே இறங்கி வந்தாள், கையில் தன் வெப்பமானியோடு.

"நீங்க எழுந்திரிக்காமலே எழுதுறீங்களான்னு பாக்க வந்தேன் அண்ணி."

இரண்டையும் ஒரே படியில் வைத்தோம். ஒரே எண். பிறகு சேர்ந்து இறங்கினோம், ஏறினோம். அடியில் பதினொன்று, உச்சியில் பதினாறு. இரவுக் குளிர் பள்ளத்தில் தண்ணீர்போலத் தேங்கிக் கிடந்தது. அதன் கரை நாற்பத்தேழாவது படி.

"இங்க நில்லுங்க அண்ணி! கால் வெறைக்குது, மூஞ்சி வெதுவெதுங்குது!"

முழங்கால் வலியை மறந்து ஐந்து தடவை ஏறி இறங்கினேன். அப்புறம்தான் உறைத்தது.

"வித்தியாசம் அஞ்சு. நாம அனுப்பினது ரெண்டுதானே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உங்களுக்கு வேலை போயிடக் கூடாதுன்னு நான் தினமும் குத்துமதிப்பா ஒன்றரை போலக் குறைச்சு எழுதினேன்."

"நானும் குத்துமதிப்பா ஒன்றரை போலக் கூட்டினேன்டி, உனக்காக."

முழுப் பூசணிக்காயை ஆளுக்குப் பாதியாகச் சோற்றில் மறைத்திருந்தோம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மறுநாள் ஆய்வாளரை விடியலிலேயே படியேற்றி, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டோம். நாற்பத்தேழாவது படியில் அவர் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்தார், இறங்கினார், மறுபடி ஏறினார்.

"ரெண்டு கூண்டும் வேணும், ரெண்டு பேரும் வேணும்" என்றார். "ஆனா போன மாசத்துக் குளிரை இனிமே யாரும் தெரிஞ்சுக்க முடியாதும்மா."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சனிக்கிழமை காலை, பத்தரை என்று இருந்ததைப் பத்தரை என்றே எழுதினேன்.