கலயத்தில் இட்ட தணல்

இருபத்தாறு மணி நேரம் அந்தக் கலயம் அருங்காட்சியகத்தில் இல்லை. நவம்பரில், இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் நாளன்று மதியம் இரண்டு மணிக்கு ஒதிலியா அதைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து, சால்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். மறுநாள் நான்கு மணிக்குத் துடைத்துத் திரும்ப வைத்தாள். யாரும் பார்க்கவில்லை. முதல் நாள் எல்லோரும் வாசலில் செண்டுமல்லி இதழ் தூவி அவரவர் இறந்தவர்களுக்காகக் காத்திருந்தார்கள். மறுநாள் எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள்.

அருங்காட்சியகம் என்பது ஊராட்சி அலுவலகத்தை ஒட்டிய ஒரே ஒரு கூடம். அதன் சாவி ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் ஒரு வீட்டுக்குப் போகும். சம்பளம் கிடையாது, ஊருக்குச் செய்யவேண்டிய முறை. அந்த ஆண்டு முறை நபோரின் பெயரில் விழுந்தது. ஊரைப் பொறுத்தவரை நபோர் வடக்கே கலிஃபோர்னியாவில் ஸ்ட்ராபெரி பறித்துக்கொண்டிருந்தான். ஆள் இல்லாவிட்டால் மனைவி செய்யவேண்டும். ஒதிலியா செய்தாள்.

காலை பத்து மணிக்குக் கதவைத் திறப்பாள். தரையைப் பெருக்குவாள். பிறகு மாலை வரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். வாரத்துக்கு இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் அதிகம். த்லாகொலூலா சந்தைக்குப் போகும் ஆட்டோக்கள் வாசலில் ஆள் ஏற்றும் சத்தம் மட்டும் கேட்கும். எதிரே கலயம். சம்மணமிட்டு, முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு சுடுமண் ஆள். காதில் பெரிய தோடு, தலையில் மழைச் சாமியின் முகம் வைத்த கிரீடம். பின்னால் முதுகோடு ஒட்டி ஒரு குவளை. முன்னாலிருந்து பார்த்தால் குவளை தெரியாது. நாள் முழுக்க அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்த முகம் ஊரிலேயே அது ஒன்றுதான்.

பெட்டிக்குக் கீழே ஒரு பலகை. கல்லறைக்குள் இறந்தவருக்குத் துணையாக வைக்கப்பட்டது, ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமை என்று எழுதியிருக்கும். அதற்கும் கீழே, கண்டெடுத்தவர் எலிஹியோ.

எலிஹியோ அவளுடைய மாமனார். பத்தொன்பது வருடத்துக்கு முன்பு மகன் நபோருடன் மக்காச்சோளக் கொல்லையை உழுதபோது ஏர் ஒரு கல்லில் முட்டியது. கல்லுக்குக் கீழே கல்லறை, அதற்குள் இது. ஓஹாக்கா நகரிலிருந்து ஒரு வியாபாரி ஒரு டிரக் வாங்கும் அளவு விலை தருவதாகப் பேசினான். எலிஹியோ விற்கவில்லை. கழுதை மேல் வைத்து ஊர்க்கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் சலவைச் சட்டையோடு கூடத்துக்கு வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டுக் கலயத்தின் முன் கொஞ்ச நேரம் நிற்பார். அவருக்குக் காது மந்தம். யாரோடும் அதிகம் பேசமாட்டார். மனைவி இறந்த பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு வெளியே ஒரு வேலை.

ஜனவரியில் தலைநகர் அருங்காட்சியகம் ஒன்று கலயத்தைக் கண்காட்சிக்குக் கேட்டது. அனுப்புவதற்கு முன் வயதைச் சோதிக்கவேண்டும் என்றார்கள். அங்கிருந்து யாதிரா என்ற பெண் வந்து குவளையின் அடியில் ஊசி போன்ற துளை போட்டு ஒரு சிட்டிகை மண் எடுத்துப் போனாள். ஏப்ரலில் திரும்பி வந்தாள். அலுவலகத் தாழ்வாரத்தில் ஊர்த் தலைவர் அபுந்தியோவிடம் அவள் பேசியபோது பெஞ்சில் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒதிலியா சாவியோடு கதவருகே நின்றாள்.

"மண்ணைச் சுட்டவுடனே அதுக்குள்ள ஒரு கடிகாரம் ஓட ஆரம்பிக்குதுன்னு வச்சுக்கங்க," என்றாள் யாதிரா. "எவ்வளவு ஓடியிருக்குன்னு எங்களால பாக்க முடியும்."

"எவ்வளவு ஓடியிருக்கு, இன்ஜினியரம்மா?"

"ஓடவே இல்ல. நேத்து சுட்ட மாதிரி இருக்கு."

பெஞ்சிலிருந்த மெலிதோன் எழுந்தான். கோழி வியாபாரி. எந்தச் சாவு வீட்டிலும் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிடுவான். "அப்ப சூடு ஆறிடுச்சான்னு தொட்டுப் பாருங்கப்பா," என்றான். "பத்தொன்பது வருஷமா நாம தொப்பி கழட்டுன சாமி, என் கோழிக்குஞ்சைவிட இளசாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அபுந்தியோ சிரிக்கவில்லை. "நம்ம பள்ளத்தாக்குல பொய்க் கலயம் சுட்டு வெள்ளைக்காரனுக்கு வித்தவன் எத்தனையோ பேர். ஆனா எலிஹியோவா?"

"அவன் விக்கலையே. நம்ம தலையில கட்டிட்டான். பேரு வேணும்ல," என்றான் மெலிதோன்.

தணல்தான் காரணம் என்று ஒதிலியாவுக்கு அப்போதே புரிந்தது.

யாதிரா தன் கருவிப் பெட்டியோடு கூடத்துக்குள் வந்தபோது ஒதிலியா கேட்டாள். "யாராவது பிற்பாடு அதுல நெருப்பு வச்சிருந்தா?"

யாதிரா நிமிர்ந்து பார்த்தாள். "வச்சா கடிகாரம் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துரும். பட்ட இடத்துல மட்டும். ஏன், வச்சாங்களா?"

"சும்மா கேட்டேன்."

"அப்படின்னா கிரீடத்துலேர்ந்து மண்ணு எடுத்துப் பாத்தா உண்மை தெரிஞ்சுரும். ஆனா முன்பக்கத்துல துளை போட ஊர்க்கூட்டம் சம்மதிக்கணும். யாரு, எப்ப, எதுக்கு நெருப்பு வச்சாங்கன்னு கூட்டத்துல சொன்னாத்தான் சம்மதிப்பாங்க." பெட்டியைக் கீழே வைத்தாள். "ஞாயித்துக்கிழமை கூட்டம். அதுவரைக்கும் நான் இங்கதான் இருக்கேன்."

வீட்டில் எலிஹியோ கொல்லைப்புறத்தில் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார். "ஆட்டோக்காரன் என்னைப் பாத்துச் சிரிக்கிறான்," என்றார். "என்ன சொல்றாங்க?"

அவள் அவர் காதருகே குனிந்து சொன்னாள். மறைக்க முடியாது. எப்படியும் தெரிந்துவிடும். அவர் கதிரைக் கீழே வைத்தார்.

"நான் செஞ்சதா?"

"அப்படித்தான் பேசிக்கறாங்க, மாமா."

அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். களிமண்ணைத் தொட்டே பழகாத உழவனின் கைகள். பிறகு மறுபடி கதிரை எடுத்து உதிர்க்க ஆரம்பித்தார். அன்று இரவு சாப்பிடவில்லை.

அவரைக் காப்பாற்ற ஒரு வாக்கியம் போதும். தணல் போட்டது நான்தான். ஆனால் அதற்கு அடுத்த கேள்வி ஒன்று இருந்தது. யாருக்காகப் போட்டாய்?

இரண்டு வருடத்துக்கு முன்பு, மாமியார் இறந்த ஆறாவது நாள், தொலைபேசி வந்தது. பேசியவன் நபோரோடு ஒரே கொட்டகையில் தங்கியிருந்தவன். வெயிலில் வரப்பிலேயே விழுந்துவிட்டான் என்றான். விழுந்து மூன்று நாளாகியிருந்தது. நபோர் வேறொருவனின் அடையாளச் சீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெயரிலேயே புதைத்துவிட்டார்கள். ஒதிலியா அந்தப் பெயரை ஒரு தடவைதான் கேட்டாள். இன்றைக்கும் மறக்கவில்லை.

முற்றத்தில் எலிஹியோ ஒன்பதாம் நாள் வழிபாட்டுக்கு லில்லிப் பூக்களின் தண்டை வெட்டிக்கொண்டிருந்தார். "போன்ல யாரு, நபோரா?" என்றார்.

"ஆமாம்," என்றாள்.

வழிபாடு முடியட்டும் என்று நினைத்தாள். முடிந்தது. அவர் உடம்பு தேறட்டும் என்று நினைத்தாள். தேறியது. அதற்குள் நபோர் வழக்கமாகப் போன் செய்யும் ஞாயிற்றுக்கிழமைகள் வந்துவிட்டன. ஞாயிறு இரவு அவர் கேட்பார், "என்ன சொன்னான்?" அவள் காதருகே குனிந்து சொல்வாள். அங்கே குளிராம். முதுகுவலி தேவலையாம். புது ஷூ வாங்கினாராம். "என்ன சாப்பிட்டானாம்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். பயறு, முட்டை, சில நாள் மீன் என்று அவள்தான் நபோருக்குச் சமைத்துப்போட்டாள். சென்ற டிசம்பரில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. அவளே அதைக் குணமாக்கினாள்.

நபோருக்குக் கல்லறை இல்லை. பெயர் எழுதிய சிலுவை இல்லை. படத்தை வீட்டுப் பீடத்தில் வைக்க முடியாது. அது உயிரோடிருப்பவனுக்கான இடமில்லை. இறந்தவர்கள் வரும் நாளில் எங்கே வருவது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து அந்தப் பலகையை நாள் முழுக்கப் படித்தவளுக்கு, துணையாக வைக்கப்பட்டது என்ற சொல் போதுமாக இருந்தது. கலயத்தைத் தன் அறையில் மரப்பெட்டி மேல் வைத்தாள். ரொட்டி வைத்தாள், மெஸ்கால் சாராயம் ஊற்றினாள், கதவைத் தாழிட்டாள். வீட்டில் சாம்பிராணித் தட்டு ஒன்றுதான். அது எலிஹியோவின் பீடத்தில் மாமியாருக்குப் புகைந்துகொண்டிருந்தது. அதனால் அடுப்புத் தணலை அள்ளிக் கலயத்தின் குவளைக்குள் போட்டு, மேலே சாம்பிராணி தூவினாள். மூன்று மணிக்குக் கோயில் மணி அடித்தபோது புகை கிரீடத்துக்குப் பின்னாலிருந்து எழுந்தது. விடியும்வரை தணலை அணையவிடவில்லை.

அந்த வாரம் முழுக்க ஏதாவது பொய் கிடைக்காதா என்று தேடினாள். மாமியாருக்கு என்று சொல்லலாம். ஆனால் மாமியாருக்குப் புகை போட்டபோது அவளும் எலிஹியோவும்தான் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்த ஊரில் ரொட்டி சுட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். கூடப்பிறந்தவர்கள் இல்லை, குழந்தை இல்லை. பொய் சொல்வதற்குக்கூட அவளிடம் வேறு இறந்தவர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எலிஹியோ சலவைச் சட்டை போட்டார். கூடத்துக்குப் போகவில்லை. நேராகக் கூட்டம் நடக்கும் கூடைப்பந்துத் திடலுக்குப் போய், தகரக் கூரைக்குக் கீழே முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. ஒதிலியா பெண்களோடு பின்னால் நின்றாள். யாதிரா ஓரமாக ஒரு தூணில் சாய்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அபுந்தியோ மைக்கைத் தட்டினார். "கலயத்தை உள்ளே வச்சுப் பூட்டிரலாம். பலகையை எடுத்துரலாம். பெரியவர் மனசு நோக வேண்டாம். இதோட விட்டுரலாம்."

"பலகையை எடுக்க வேண்டாம்," என்றான் மெலிதோன். "கண்டெடுத்தவர்ங்கறதை அடிச்சுட்டுச் சுட்டவர்னு எழுதுங்க. வேலை நல்லாத்தானே இருக்கு."

சிரிப்பு வந்தது. முன்பைவிடக் குறைவாக.

எலிஹியோவுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். சிரிப்பு கேட்டது. மெல்ல எழுந்தார். "நான் செய்யலை. ஏர் முட்டுச்சு. கல்லைத் தூக்கினோம். ரெண்டு பேரும் சேர்ந்துதான் தூக்கினோம்."

"அதுக்கு யாரு சாட்சி, பெரியவரே?" என்றார் அபுந்தியோ.

"என் மகன். அவனுக்கு அப்பப் பதினாறு வயசு. குழிக்குள்ள எறங்கி எடுத்ததே அவன்தான்." திரும்பிக் கூட்டத்துக்குள் தேடினார். "ஒதிலியா எங்கே? போனைப் போடச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைதானே, இன்னிக்கு லீவுதான் அவனுக்கு. மைக் பக்கத்துல வச்சு எல்லாருக்கும் கேக்கற மாதிரி அவனே சொல்லட்டும். அவன் சொன்னா நம்புவீங்கல்ல?"

"நபோர் சொன்னா நம்புவோம்," என்றார் அபுந்தியோ. கூட்டத்தில் பலர் தலையசைத்தார்கள். மெலிதோன்கூட. "நபோர் பொய் சொல்ற ஆள் இல்ல. போடும்மா."

பெண்கள் விலகி வழிவிட்டார்கள். அவள் முன்னால் வந்தாள். கையில் தொலைபேசி இருந்தது. எலிஹியோ அவளைப் பார்த்து, சரியாகிவிடும் என்பதுபோலத் தலையை ஆட்டினார். ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவர் முகம் தெளிந்திருந்தது.

"போன் வேண்டாம்," என்றாள் ஒதிலியா. "கலயம் பழசுதான். நான் அதுல தணல் போட்டேன். அதான் சோதனையில அப்படி வந்திருக்கு. இன்ஜினியரம்மாவைக் கேளுங்க."

யாதிரா தூணை விட்டு நிமிர்ந்தாள். "இருக்கலாம். கிரீடத்துல எடுத்துப் பாத்தா தெரியும்."

"எப்பம்மா போட்டே?" என்றார் அபுந்தியோ.

"இறந்தவங்க வர்ற அன்னிக்கு. வீட்டுக்குக் கொண்டுபோனேன். சாம்பிராணி போட்டேன்."

அந்த நாளில் தனியாக ஒரு அறையில் சாம்பிராணி போடுவதென்றால் என்ன என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரு பெண் சால்வை முனையால் வாயை மூடிக்கொண்டாள். மெலிதோன் தொப்பியைக் கழற்றினான்.

எலிஹியோ காதுக்குப் பின்னால் கையை வைத்தார். "என்ன சொல்றா? தணலா?"

"சாம்பிராணி போட்டாளாம்," என்றார் அபுந்தியோ அவர் காதில்.

"சாம்பிராணியா?" அவர் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. "யாருக்கு, அம்மாடி?"

அவள் சொன்னாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"கேக்கலை. சத்தமாச் சொல்லு."

வழக்கமாக அவள் அவர் காதருகே குனிவாள். அன்று குனியவில்லை. இரண்டு வருடம் அப்படிக் குனிந்து சொன்னதெல்லாம் பொய். அபுந்தியோ நீட்டிய மைக்கை வாங்கினாள்.

"நபோருக்கு, மாமா," என்றாள். "நபோர் செத்துட்டார். ரெண்டு வருஷமாச்சு."