இரண்டாம் கோர்ட், மாலை ஆறு மணி

விளையாட்டு, பொழுதுபோக்கு மேலாண்மை என்று பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்பு இருப்பதையே சின்னவளின் வீட்டில் யாரும் முழு மனதோடு நம்பவில்லை. அக்காவுக்குப் பின்னால் பிறந்ததால் அவள் சின்னவள். "நம்ம சின்னது பந்து பொறுக்கப் படிக்குது" என்று பெரியப்பா உறவுக்காரர்கள் நடுவில் சொல்லிச் சிரிப்பார். அவள் முதல் வருடம் விளக்கம் சொன்னாள், இரண்டாம் வருடம் முறைத்தாள், மூன்றாம் வருடம் எழுந்து உள்ளே போய்விடக் கற்றுக்கொண்டாள்.

கடைசிப் பருவத்தில் எட்டு வாரச் செய்முறைப் பயிற்சி. அவளுக்குக் கிடைத்தது நகராட்சியின் உள்விளையாட்டு அரங்கம். மரத்தரை போட்ட மூன்று பேட்மின்டன் கோர்ட். முதலாவது வாசலை ஒட்டியது; யாராவது கதவைத் திறந்தால் இறகுப்பந்து அவர்களை வரவேற்கப் போய்விடும். மூன்றாவதன் மூலையில் கூரை ஒழுகும் என்பதால் ஒரு பிளாஸ்டிக் வாளி நிரந்தரமாக ஃபீல்டிங் நின்றது. நடுவில் இருந்த இரண்டாவதுதான் உருப்படி. காற்று இல்லை, ஒழுகல் இல்லை, விளக்கு கண்ணைக் குத்தாது.

"மாலையில கோர்ட் எல்லாருக்கும் சரிசமமா கிடைக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணு. அதுதான் உன் புராஜெக்ட்" என்று பேராசிரியை சொல்லி அனுப்பியிருந்தார்.

அரங்க மேனேஜர் முன்பதிவு நோட்டை எடுத்து நீட்டினார். சின்னவள் பக்கங்களைப் புரட்டினாள். இரண்டாம் கோர்ட், மாலை ஆறிலிருந்து எட்டு, திங்கள் முதல் சனி வரை: மேற்படி, மேற்படி, மேற்படி. போன மாதமும் மேற்படி. முந்தின நோட்டிலும் மேற்படி.

"யார் சார் இந்த மேற்படி?"

"நாலு பெரியவங்கம்மா. பதினோரு வருஷமா வர்றாங்க."

"வேற யாரும் கேக்கலையா?"

"கேப்பாங்க. பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸுங்க மூணு பேர் ஷிப்ட் முடிஞ்சு ராக்கெட்டோட வருவாங்க. அரை மணி நேரம் பெஞ்சுல உக்காந்து பாத்துட்டுப் போயிடுவாங்க." அதைச் சொல்வதில் அவருக்குக் கூச்சம் எதுவும் இல்லை.

பழைய நோட்டுகளைத் தோண்டித் தோண்டி, முதல் மேற்படிக்கு மேலே இருந்த பெயரை அவள் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததும் நோட்டை மூடிவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அது அவளுடைய பெரியப்பாவின் பெயர்.

பெரியப்பாவுக்கோ செய்தி கேட்டுப் பரம சந்தோஷம். "நம்ம பொண்ணே வந்துட்டா! இனிமே எவன் கேள்வி கேக்கப் போறான்?" என்று தன் ஜோடியான ரிட்டயர்டு பல் டாக்டரின் முதுகில் தட்டினார்.

பேராசிரியையின் முதல் விதி, எல்லாத் தரப்பையும் கூட்டிப் பேச வேண்டும் என்பது. சின்னவள் செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்குக் கூட்டம் வைத்தாள். பெரியப்பா மூன்றரைக்கே இரண்டு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நீர் விநியோக அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவர். கூட்டம் என்றால் அவருக்கு மூக்கில் வியர்க்கும். சின்னவள் வாயைத் திறக்குமுன் வரவேற்புரை ஆற்றினார். அவள் நோட்டை வாங்கித் தானே குறிப்பெடுத்தார். கடைசியில், தற்போதைய ஏற்பாடே திருப்திகரமாக உள்ளது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டு, நான்கு பேரும் கையெழுத்திட்டார்கள்.

நர்ஸுகள் வரவில்லை. அவர்களுடைய ஷிப்ட் முடிவதே ஐந்தரைக்கு. அது சின்னவளுக்கு மறுநாள் பேராசிரியை கேட்டபோதுதான் உறைத்தது.

"யாருக்காக இந்த ஏற்பாடோ, அவங்க எங்கம்மா?"

"வேலையில இருந்தாங்க மேடம்."

"அப்போ நீ கூட்டம் போட்டது எதுக்கு?"

"பிஸ்கட் சாப்பிட" என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். தன்மேல் வந்த எரிச்சலில் அன்று பஸ்ஸில்கூட ஏறாமல் வீடு வரை நடந்தே போனாள்.

அடுத்த வாரம் நோட்டை ஓரங்கட்டிவிட்டு போன் வழியாக முன்பதிவைக் கொண்டுவந்தாள். ஞாயிறு காலை எட்டு மணிக்குத் திறக்கும். ஆடப்போகும் உறுப்பினர்கள் இரண்டு பேராவது பெயர் கொடுக்க வேண்டும். வாரத்தில் ஒரு மாலைதான் ஒருவர் பெயர் வரலாம். இதில் ஓட்டை இருக்காது என்று நம்பினாள்.

ஞாயிறு எட்டு மணி நான்கு நிமிடத்துக்கு இரண்டாம் கோர்ட்டின் ஆறு நாளும் நிரம்பிவிட்டது. திங்கள், பெரியப்பாவும் மற்ற மூவரும். செவ்வாய், பல் டாக்டரின் மனைவியும், முழங்கால் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதமே ஆன அத்தையும். புதன், பெரியம்மாவும், சின்னவளின் சொந்த அம்மாவும். அதற்கு மேல் அவள் படிக்கவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"அம்மா, நீ எப்பம்மா மெம்பர் ஆனே?"

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "உங்க பெரியப்பா ஒரு ஃபாரம் கொண்டு வந்தாருடி. கையெழுத்துப் போடுன்னாரு. போட்டேன்."

"என்னன்னு படிக்க மாட்டியா?"

"பெரியவர் கேக்கும்போது படிச்சுப் பாத்துட்டா போடுவாங்க?"

"அப்பா, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

அப்பா செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். "எனக்கு அண்ணனும் வேணும், பொண்ணும் வேணும். என்னை விட்டுடு."

சின்னவள் அன்றே இன்னொரு விதி சேர்த்தாள். பெயர் கொடுத்தவர்கள் எல்லோரும் உறுப்பினர் அட்டையோடு நேரில் வந்து ஆட வேண்டும். கால் மணி நேரம் தாண்டினால் கோர்ட் காத்திருப்பவர்களுக்கு. மேனேஜர் பெருமூச்சு விட்டார். "எதுக்கும்மா வம்பு? எட்டு வாரத்துல நீ போயிடுவே. நான் இங்கதான் இருக்கணும்."

செவ்வாய்க்கிழமை அத்தையால் படியேற முடியவில்லை. ஆறே காலுக்கு நர்ஸுகள் மூவரும் இரண்டாம் கோர்ட்டில் கால் வைத்தார்கள். அவர்களில் குட்டையானவள் அடித்த முதல் அடியில் பந்து எதிர்ச் சுவரில் போய் மோதியது. மூவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். சின்னவளுக்கு அந்த மாதத்தில் முதல்முறையாக நிம்மதியாக மூச்சு வந்தது.

பெரியப்பா சும்மா இருப்பாரா? புதன்கிழமை அம்மாவையும் பெரியம்மாவையும் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். பின்னாலேயே பல் டாக்டர், ஆடத் தயாராக வெள்ளை அரைக்கால் சட்டையில். திட்டம் சுலபமானது. பெண்கள் இருவரும் அட்டையைக் காட்டி, வலைக்கு இருபுறமும் ஐந்து நிமிடம் நிற்க வேண்டியது. பிறகு கை வலிக்கிறது என்று ராக்கெட்டை இவர்களிடம் கொடுத்துவிட வேண்டியது.

"நீ ஒண்ணும் ஆட வேண்டாம்மா. சும்மா ரெண்டு தட்டுத் தட்டு" என்று பெரியப்பா தம்பி மனைவிக்குத் தைரியம் சொன்னார்.

சின்னவள் பெஞ்சில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். முதல் பந்து வலையில் மாட்டியது. இரண்டாவது பல் டாக்டரின் காலடியில் விழுந்தது. மூன்றாவது பெரியம்மாவின் தலைக்கு மேலே ஏறி, அவர் பின்னால் நகர்வதற்குள் கோட்டுக்கு உள்ளே, கச்சிதமாக, இறங்கியது.

அம்மா ராக்கெட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். "அக்கா, இன்னொண்ணு போடுங்க."

பெரியம்மா போட்டார். ஐந்து நிமிடம் போயிற்று. பத்து ஆயிற்று. பெரியம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் அவர் விடுவதாக இல்லை. கோட்டுக்கு வெளியே விழுந்த ஒரு பந்தை உள்ளே என்று சாதித்தார். அம்மா வலையருகில் வந்து இல்லவே இல்லை என்றாள். இருபத்தைந்து வருடமாக ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசிக்கொள்ளாத ஓரகத்திகள் இருவரும் அரை அங்குலத்துக்காகச் சண்டை போடுவதைச் சின்னவள் வாய் பிளந்து பார்த்தாள்.

பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "போதும்மா, போதும். கை வலிக்கப் போகுது. குடுங்க."

"இருங்க, பன்னெண்டுக்குப் பத்து" என்றாள் அம்மா, திரும்பாமலே.

"நாங்க ஆட வேண்டாமா?"

பெரியம்மா புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நீங்கதான் பதினோரு வருஷம் ஆடினீங்களே. போய் உக்காருங்க, மறைக்காதீங்க."

எட்டு மணி வரை கோர்ட்டை விட்டு இருவரும் அசையவில்லை. பெரியப்பா அவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு அம்மா ஏழே முக்காலுக்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெரியப்பாவுக்காக அல்ல. பல் டாக்டரின் மனைவி தன் தோழியை அழைத்து வந்தார். நர்ஸுகளுக்கு வியாழக்கிழமை கிடைத்தது. பெரியப்பா வகையறாவுக்குச் சனிக்கிழமை மட்டும், அதுவும் வாளி நிற்கும் கோர்ட்டில்.

அவர் பல்கலைக்கழகத்துக்கு நான்கு பக்கப் புகார் எழுதினார். மூத்த குடிமக்கள் மனம் நோகடிக்கப்பட்டது, குடும்ப அமைதி குலைந்தது, எல்லாம் இருந்தது. சின்னவள் பயந்துகொண்டே பேராசிரியையின் அறைக்குப் போனாள். அவர் கடிதத்தை மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார்.

"அருமை. இதைப் பின்னிணைப்புல சேத்துடு. ஏற்பாடு வேலை செய்யுதுன்னு இதைவிட ஆதாரம் கிடைக்காது."

அந்தச் சந்தோஷத்தோடு அவள் அரங்கத்துக்குத் திரும்பியபோது பெரியப்பா வெளிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். ராக்கெட் உறைக்குள் இருந்தது. அவள் தாண்டிப் போய்விடலாமா என்று பார்த்தாள். முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு நான் வீட்டுல என்ன பண்றது, சொல்லு" என்றார். வழக்கமான குரல் இல்லை. "ரிட்டயர் ஆனதுலேர்ந்து ஆறு மணிக்குப் போறதுக்கு எனக்குன்னு ஒரு இடம் இருந்துச்சு. அதையும் பட்டியல் போட்டுப் பிடுங்கிட்டே."

அவளுக்குப் பாவமாக இருந்தது. அதே சமயம் அவர் தோளைப் பிடித்து உலுக்கவும் வேண்டும்போல் இருந்தது.

"பெரியப்பா, காலைல பத்து மணிக்கு மூணு கோர்ட்டும் சும்மா கிடக்கு. வேலைக்குப் போறவங்கதான் சாயங்காலம் வரணும். உங்களுக்கு என்ன?"

"காலைல ஆடறவனை எவன் பாப்பான்?"

"பாக்க ஆள் வேணுமா?"

அவர் ராக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கோபமாக எழுந்து போய்விட்டார். ஆனால் இரண்டு வாரம் கழித்து மேனேஜர் போன் செய்தார். நான்கு பெரியவர்களும் பத்து மணிக்கு வர ஆரம்பித்துவிட்டார்களாம். காலை வெளிச்சம்தான் ஆட்டத்துக்கு உகந்தது, இது தன் யோசனை என்று எல்லோரிடமும் பெரியப்பா சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சின்னவளோடு மட்டும் இன்னும் பேச்சு வார்த்தை இல்லை. சொல்ல வேண்டியதை அப்பாவிடம் சொல்லி அனுப்பினார்.

புராஜெக்ட்டுக்கு நல்ல மதிப்பெண் வந்தது. அதை வீட்டில் சொல்லலாம் என்று அவள் ஓடி வந்தபோது, அம்மா போனை மேசைமேல் வைத்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"வெள்ளிக்கிழமையும் கேட்டேன்டி. தர மாட்டேங்குது. வாரத்துக்கு ஒரு நாளாம். ஒரு நாள் ஆடினா உடம்புல ஒட்டுமா? எந்தப் புண்ணியவதி போட்ட சட்டம் இது?"

"நான்தாம்மா போட்டேன்."

"அப்போ மாத்து."

"முடியாதும்மா."

"பெத்தவளுக்குக்கூடவா?"

சின்னவள் மதிப்பெண் தாளை மடித்துப் பையில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, சரிசமம் என்றால் என்ன என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.